மலைப் பூங்காவுக்கு ஒரு மெழுகு ஒத்திகை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குப் பல்வலியில் கிடைத்தது. கன்னம் பன் மாதிரி வீங்கிப்போய்ப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கையில் அட்டைப்பெட்டியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பெட்டிக்குள் பல்செட்டுகள். அவள் வீட்டுக்காரர் செய்கிறவர், இவள் கொண்டுவந்து கொடுக்கிறவள். மேசைக்குப் பின்னால் இருந்தவள் பெட்டியை வாங்கிக்கொண்டு, "அண்ணன் இப்பல்லாம் வர்றதே இல்லையே, ஏன்?" என்று கேட்டாள். வந்தவள், "மலைப் பூங்காவுல மாசத்து முதல் ஞாயிறு டிக்கெட் கிடையாதாமே, நெசமா?" என்றாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். என் முறை வந்தது, உள்ளே போய்ப் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன், அவளைக் காணோம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு விட மனசு வராது. வீட்டுக்கு வந்து பஞ்சைக் கடித்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, மகள் மூவரும் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு—"

அடித்துவிட்டேன். அதற்குள் எப்படி மேலே போய்ச் சேர்ந்தார்கள்? அந்த மனுஷன் வீட்டு வாசலையே தாண்டுவதில்லையே!

இரண்டாவது தொடக்கம். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில், நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டிருந்த அவருக்கு மூச்சு முட்டியது. உள்ளங்கை நனைந்தது. செத்துப்போகிறோம் என்று நினைத்துப் பாதி வழியில் இறங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். கல்லாக இருந்து என்ன பிரயோஜனம்? முதலில் பேருந்து பயமானது. அப்புறம் தெரு. அப்புறம் மாடிப்படி. இப்போது சமையலறையை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து பல் செய்கிறார். அவர் செய்த பற்களெல்லாம் ஊர் சுற்றுகின்றன, அவர் மட்டும் வீட்டோடு கிடக்கிறார்.

(இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

அவளுக்குத் தண்ணீர் கேன் கம்பெனியில் தொலைபேசி எடுக்கிற வேலை. "வண்டி கெளம்பிடுச்சு சார், உங்க தெருமுனைக்கு வந்தாச்சு" என்று கூசாமல் சொல்லுவாள். வண்டியில் அப்போதுதான் கேனே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வாய், வீட்டில் அவர் முன்னால் "ஒரு நாள் வெளிய போகலாமா?" என்று கேட்க எத்தனையோ நாள் மென்று விழுங்கியது.

செலவு அவளுக்குப் பெரிய விஷயமாக இல்லை. அதை எப்போதோ மடக்கிவிட்டாள். இலவச ஞாயிறு. பேருந்து நிறுத்தம் அவர்கள் கட்டடத்துக்கு நேர் எதிரிலேயே இருக்கிறது, அங்கே ஏறினால் அடிவாரத்தில்தான் இறங்க வேண்டும். மேலே ஏற்றிவிடப் பூங்காவின் வேன். அவித்த முட்டை, ரொட்டி, வெள்ளரிக்காய். தண்ணீருக்கு அவள் கம்பெனி இருக்கவே இருக்கிறது.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. பதின்மூன்று வயது மகள், வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், ஒரு நாள் தலை பின்னிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏம்மா, அப்பா வரலைன்னா நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாமா?"

போகலாம்தான். யார் தடுத்தது? ஆனால் அவர் இல்லாமல் ஒரு தடவை போய், அது நன்றாகவும் இருந்துவிட்டால்? அடுத்த தடவை அவரைக் கேட்கவே தோன்றாது. அப்புறம் கேட்காமலிருப்பது பழகிவிடும். ஒரே வீட்டுக்குள் வெளியே போகிற இருவர், உள்ளே இருக்கிற ஒருவர் என்று ஆகிவிடும். அவள் பயந்தது இதற்குத்தான். நானும் இதற்குத்தான் பயப்படுகிறேன், அதனால்தான் இன்னும் இரண்டாம் பகுதியிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

3

உண்மையைச் சொல்லட்டுமா? இந்த மனுஷன் மேல் எனக்குச் சந்தேகம். நடிக்கிறாரோ? ருசியாகச் சாப்பிடுகிறார், வேலை சுத்தமாகச் செய்கிறார், மகளைக் கேலி செய்கிறார். வாசற்படி என்றால் மட்டும் முகம் வெளுக்கிறதாம்!

[இந்த இடத்தில் அவள் கத்துவதாக ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். மறுபடி படிக்க எனக்கே பயமாக இருந்தது, எடுத்துவிட்டேன். ஒரு வரி மட்டும் இருக்கட்டும்: "நடிக்கிறீங்களா?" அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வாசல் கதவு அப்போது திறந்துதான் இருந்தது. கை வியர்வையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.]

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

4

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்தப் பல்செட்டையும் நேரடியாக முடித்துவிட மாட்டார்கள். முதலில் மெழுகில் பல்லை நட்டு, போடப்போகிறவர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். கடி பொருந்துகிறதா, சிரித்தால் சிரிப்பு மாதிரி இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் கெட்டியாக வார்ப்பது.

அதனால் அவள் ஒருவழியாகக் கேட்டே விட்டபோது, அவர் கையிலிருந்த பல்செட்டை மேசையில் வைத்துவிட்டு, "மொதல்ல மெழுகுல ஒரு தடவை பாத்துடலாமே" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வாலுவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

இலவச ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு காலை கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. அதுதான் பேருந்து. "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!" என்று வாலு கத்தினாள். அவர் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆச்சரியம், அந்த மர நாற்காலியிலேயே அவருக்கு நிஜமாக வியர்த்தது. அவர் கையைத் தூக்கியபோதெல்லாம் வாலு விசில் அடித்து வண்டியை நிறுத்தினாள். பிறகு கட்டில் மேல் ஏறினார்கள். கட்டில்தான் மலை. கீழே செருப்புகளும் ஒரு பெட்டியும் தெரிந்தன. "அதோ பாருங்க ஏரி!" என்று பெட்டியைக் காட்டினாள் வாலு. அங்கேயே முட்டையை உரித்துச் சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மெழுகுப் பல்லைத் திருப்பித் தராமல் போட்டுக்கொண்டே விருந்துக்குப் போய், கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்த ஒரு பெரியவரின் கதையை அவர் சொன்னார். வாலு கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நல்லா இருந்துச்சு. போயிட்டு வந்தாச்சுல்ல, அப்புறம் என்ன?"

முட்டை ஓடுகளைத் திரட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. இப்படி ஒரு தப்பு இந்த வீட்டில்தான் நடக்கும். ஒத்திகையைக் குறையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

5

நானும் யோக்கியமில்லை. அன்று மாலையே அவர்களை மலைக்குக் கூட்டிப்போய்விட்டேன். காற்று, கம்பித் தடுப்பு, அவள் தோளில் அவர் கை, எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், கண் கலங்கியது. எழுந்து போய் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். பாதி குடிக்கும்போதுதான் உறைத்தது: அவர்கள் இன்னும் கட்டில் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுதியதும் அதே கட்டில்தான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மன்னியுங்கள், வர்ணனை கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது.

6

இலவச ஞாயிறு வந்தது. பை தயார். அவர் குளித்தார், சட்டை போட்டார், ஷூவைக்கூட மாட்டினார். மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையும் முழங்காலில்.

"என்னங்க, பஸ் வர்ற நேரம்."

"அடுத்த மாசம் போகலாமே. மொத ஞாயிறு அடுத்த மாசமும் வரும்ல?"

"வரும்."

"நீங்க ரெண்டு பேரும் வேணா போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

எந்த வாக்கியத்துக்குப் பயந்து அவள் இத்தனை நாள் நடமாடினாளோ, அதை அவரே அலுங்காமல் எடுத்து வைத்துவிட்டார். வாலு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நீங்க வரலைன்னா நாங்க போவோம்."

"போயிட்டு வாம்மா. நல்லா இருக்கும்."

"நல்லா இருந்தா நல்லா இருந்துச்சுன்னுதான் வந்து சொல்லுவேன். உங்களுக்காக போரடிச்சுதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

(இந்த வரியை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. "ப்ளீஸ்ப்பா" என்றுதான் எழுதி வைத்திருந்தேன். சத்தியமாக.)

அவள் "ஏய்!" என்று மகளை அதட்ட வாயெடுத்தாள். அதட்டவில்லை. வாலு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். அவளும் பின்னாலேயே இறங்கினாள், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல். கீழ்ப்படிக்கு வந்த பிறகுதான் மேலே ஷூச் சத்தம் கேட்டது. ஒரு படி. அப்புறம் இன்னொன்று. நடுத்தளத்தில் சத்தம் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடியை இரு கையாலும் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

எதிரே பேருந்து வந்து நின்றது.

7

முடிவுகள் இருக்கின்றன. அவர் இறங்கி வந்துவிடுகிறார்: இதை எழுதிக் கிழித்தாயிற்று. அவர் மேலே திரும்பிப் போய்விடுகிறார், இவர்கள் போகிறார்கள், மலையில் வாலு ஏதோ சொல்ல, அவள் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள், சிரித்தபடியே அவரைத் தேடித் திரும்புகிறாள்... இல்லை, திரும்பாமலேயே சிரித்துவிடுகிறாள். இதை எழுத என் கை வரவில்லை. மூன்றாவது, யாருமே போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கட்டில், மறுபடி முட்டை. இதுதான் எல்லாவற்றிலும் சுலபம், அதனால்தான் எனக்கு இதன்மேல்தான் அதிகப் பயம்.

ஆகவே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேருந்துக்குள் இருக்கிறீர்கள். முன்னாடியே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிட்டீர்கள். உங்களுக்கும் போக வேண்டிய இடம் இருக்கிறது, ஏற்கெனவே தாமதம். ஒரு சிறுமி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிறாள். எதிர்க் கட்டடத்து வாசலில் அவள் அம்மா அண்ணாந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படியில் யார் இருக்கிறார், இறங்குகிறாரா ஏறுகிறாரா, உங்கள் ஜன்னலிலிருந்து தெரியாது.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கண்ணா, எங்கப்பா வர்றாரு."

"எங்கேம்மா? யாரையும் காணோமே?" என்கிறார் கண்டக்டர்.

"வர்றாருண்ணா!"

பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள். ஓட்டுநர் இன்ஜினை உறுமவிடுகிறார். விசிலை வாயில் வைத்த கண்டக்டர், முன் வரிசையில் இருக்கிற உங்களைப் பார்த்துக் கேட்கிறார்.

"என்னங்க, நிக்கலாமா, போகலாமா?"

உங்கள் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. அதில் உங்கள் பையை வைத்திருக்கிறீர்கள்.