வலிக்கு மூன்று மதிப்பெண்

“வலிக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க சார்?” காலையிலிருந்து நான்காவது முறையாகக் கேட்டாள் நர்ஸ்.

எண்பத்திரண்டு வயது கணக்கு வாத்தியார் கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “மூணு” என்றார்.

மகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பத்தாறு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தி, ‘அரைமார்க்’ என்று பட்டம் வாங்கிய மனிதர். பெற்ற மகளுக்கே தாராளம் காட்டாத கை.

மூன்று என்றால் மாத்திரைதான். ஏழுக்குக் குறையாமல் இருந்தால்தான் ஊசி. அது அந்த ஆஸ்பத்திரியின் விதி. தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு நூற்று முப்பத்தெட்டு.

டாக்டர் மகளை ஓரமாக அழைத்தார். “வலியை அவர் வாய் மறைக்குது, இதயம் மறைக்கலைம்மா. வலியும் பதற்றமும் சேர்ந்து அதைப் போட்டு விரட்டுது. இந்த வயசுல அது எவ்வளவு நேரம் ஓடும்? நாலு மணிக்குள்ள துடிப்பு நூறுக்குக் கீழ வரலைன்னா இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. தள்ளிப்போட்டா அதுவும் ஆபத்து.”

“நீங்களே ஏழுன்னு எழுதிக்கக் கூடாதா?”

“எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்து அடிச்சுட்டார். பக்கத்துல கையெழுத்து வேற.”

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகள் கட்டிலருகே உட்கார்ந்தாள். அப்பாவின் மௌனங்களோடு வளர்ந்தவள் அவள். எது கோபம், எது மனக்கணக்கு என்று தெரியும். இது புதிது. அவர் பயந்திருந்தார்.

“அப்பா, விடையை மட்டும் பார்த்து மார்க் போடுவீங்களா?”

“படிப்படியாத்தான் போடணும்.” பதில் சட்டென்று வந்தது.

“அப்போ வலிக்கு மட்டும் ஏன் மொத்தமாப் போட்டீங்க?”

அவர் கையை நீட்டினார். திரை நூற்று நாற்பத்தொன்றுக்குப் போனது.

“பேனா குடு.”

புரள முடியாததற்கு இரண்டு. இருமினால் உயிர் போவதற்கு இரண்டு. தூக்கமின்மைக்கு ஒன்றரை. கால் விரல் அசைந்தால் கண்ணீர் வருவதற்கு இரண்டு.

“கண்ணீரா? நான் பார்க்கலையே.”

“உனக்குக் காட்டிட்டா அழணும்?”

கடைசிப் படியாக ‘பயம்’ என்று எழுதி, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நெடுநேரம் இருந்து, ஒன்று போட்டார். கூட்டினார். “எட்டரை.”

“அரையெல்லாம் கம்ப்யூட்டர் எடுக்காது சார்,” என்றாள் நர்ஸ். “எட்டா, ஒன்பதா?”

திரையில் நூற்று நாற்பத்தாறு. ஊசிக்கு எட்டே போதும். ஆனால் அவர் கணக்கில் அது போதவில்லை. அரையைக் குறைத்தாலும் தப்பு, கூட்டினாலும் தப்பு. வாழ்நாளில் ஒரு அரையைக்கூட அவர் மேலே ஏற்றியதில்லை.

மகள் அவர் கையைப் பிடித்தாள். “பிள்ளை பாவம்ப்பா. போட்டு விடுங்க.”

“ஒம்பது,” என்றார், ஏதோ திருடிவிட்டவர் போல.

ஊசி இறங்கியது. மூன்றே முக்காலுக்குத் துடிப்பு தொண்ணூற்று நான்கு. தள்ளுகட்டில் வந்தது. ஏற்றும்போது மகளைக் கண்ணால் கூப்பிட்டார்.

“இப்ப இருமிப் பார்த்தேன். அவ்வளவா வலிக்கல. அதுல ஒண்ணைக் குறைச்சுடு.”

“மறுமதிப்பீடு கிடையாது,” என்று தாளை மடித்துக் கைப்பையில் போட்டாள் மகள். “பேசாம போயிட்டு வாங்க.”