சந்தனம் வைத்த டார்ச்

கப்பலின் அடிப்புறத்தைச் சுரண்டுவதும், கடல் தண்ணீரை ஆலைகளுக்கு இழுக்கிற குழாய்களுக்குள் புகுந்து அடைப்பு பார்ப்பதும் ஜவஹரின் தொழில். வயது முப்பத்தாறு. பதினான்கு வருஷமாகத் தண்ணீருக்குள் இருக்கிற ஆள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டார்ச் லைட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் மண்டையைக் குடைந்துகொண்டான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவன் மனைவி தங்கபுஷ்பம் சிரிக்கவே செய்தாள்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்போ பஜ்ஜி ஆறதுக்குள்ள சரின்னுட்டீங்க. இதுக்கு இம்புட்டு யோசனையா?"

யோசனைக்குக் காரணம் இருந்தது. ஆகஸ்டில் ஒரு ஆலைக் குழாய்க்குள் நாற்பது மீட்டர் போயிருந்தபோது கையிலிருந்த ஒரே விளக்கு அணைந்துபோயிற்று. உள்ளே உடம்பைத் திருப்ப இடம் கிடையாது. இடுப்பில் கட்டிய கயிற்றைத் தடவித் தடவி, கும்மிருட்டில் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தான். ஒன்பது நிமிஷம் ஆயிற்று. மேலே கயிறு பிடித்திருந்த வடிவேலு, "இன்னா நைனா, உள்ளயே தூங்கிக்கினு இருந்தியா?" என்றான். "பேட்டரி வீக்குப்பா" என்று ஜவஹரும் சிரித்து வைத்தான். அந்த ஒன்பது நிமிஷமும் செத்தோம் என்றே நினைத்ததை அவன் வடிவேலுவிடம் சொல்லவில்லை. வீட்டில் மூச்சே விடவில்லை.

கம்பெனி ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு லேத் பட்டறையின் மாடியில். முதலாளி ராஜகோபாலன் நல்ல மனுஷர்தான். ஆனால் பழைய கயிறு அறுந்தால்தான் புதுக்கயிறு என்கிற ரகம். அவரே என்ன தோன்றியதோ, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் மூலம் மூன்று குட்டி விளக்குகளை வரவழைத்து மேஜைமேல் வைத்தார்.

"பெரிய லைட் கைவிட்டா இது. மூணுல எது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லு, எல்லாருக்கும் அதையே வாங்கிடறேன். விஜயதசமிக்கு மறுநாள், திங்கக்கிழமை, அதே குழாய்."

அதே குழாய் என்றது மட்டும்தான் ஜவஹர் காதில் விழுந்தது.

மூன்றையும் அசோக் நகர் வீட்டுக்குத் தூக்கி வந்தான். முதலாவது பார்க்க லட்சணமாக, பிடியெல்லாம் வைத்து இருந்தது. வெளிச்சமும் அமோகம். ஆனால் மார்பு வாரில் மாட்டினால் துருத்திக்கொண்டு நிற்கும்; குழாய்ச் சுவரில் இடிக்கும். அதைத் தள்ளினான். இரண்டாவதில் பக்கவாட்டில் தள்ளுகிற பொத்தான். கையுறையோடு தள்ளச் சுகம். ஆனால் பொத்தான் இருந்தால் விளக்கின் உடம்பில் ஓட்டை இருக்கும். ஓட்டை இருந்தால் என்றாவது ஒழுகும். மூன்றாவதில் ஓட்டையே இல்லை. தலையைத் திருகினால் எரியும், திருப்பித் திருகினால் அணையும். தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரே ஒரு ரப்பர் வளையம். அது ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு சொட்டு உள்ளே போகாது.

பாலவாக்கத்தில் ஒரு மீனவர் படகில் ஏறிக் கடலுக்குள் போய், கல்லைக் கட்டி இரண்டாவதையும் மூன்றாவதையும் பத்துப் பாகம், அறுபது அடி ஆழத்துக்கு இறக்கிப் பார்த்தான். இரண்டுமே தாங்கின. அப்படியும் மனசு ஆறவில்லை. பஸ்ஸில், டீக்கடையில், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் மூன்றாவதைத் திருகித் திருகிப் பழகினான். பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். கடைசியில் அதுதான் என்று முடிவு செய்து, மற்ற இரண்டையும் முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தான்.

ஆயுத பூஜையன்று அவன் கம்பெனியில் பூசணிக்காய் உடைத்துப் பொரிகடலை வாங்கி வந்தபோது வீட்டிலும் பூஜை முடிந்திருந்தது. தையல் மெஷின், அரிவாள்மணை, மிக்ஸி, பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ் வரை பொட்டு. நடுவில் அவன் முகக்கண்ணாடியும் கத்தியும் அந்தக் குட்டி விளக்கும். விஜயதசமி காலை வரை எதையும் தொடக்கூடாது. அவனும் தொடவில்லை.

மறுநாள் பூஜையிலிருந்து எடுத்த விளக்கைத் துணியால் துடைத்து, திருகி எரியவிட்டு, வாளித் தண்ணீரில் போட்டான். சும்மா ஒரு திருப்திக்குத்தான். அரைமணியில் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பல்பு மங்கி அணைந்தது. கழற்றிப் பார்த்தால், துடைத்தும் போகாமல் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, ரப்பர் வளையம் முழுக்கக் காய்ந்த சந்தனத் துகள், நடுவே குங்குமச் சிவப்பு.

"இதுல கை வச்சது யாரு?"

"நான்தான். எல்லாத்துக்கும் ஒரு பொட்டு. இதுக்கு மட்டும் கழுத்தைச் சுத்தி வச்சேன்."

"என்னைச் சாகடிக்கவா?"

சொன்ன பிறகு அவனுக்கே நாக்கு சுட்டது. தங்கபுஷ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா பாத்ரூம் லைட்டை அணைக்க விட மாட்டேங்கீங்க. தூக்கத்துல காலை உதைச்சு உதைச்சுப் பின்னாலயே நகந்து கட்டில்லேர்ந்து விழுதீங்க. கேட்டா புழுக்கம்னு சொல்லுதீங்க. நான் என்ன மண்ணாந்தையா? உள்ள என்னமோ நடந்திருக்கு, அதான் இந்த விளக்கைக் கைப்பிள்ளையாட்டம் தூக்கிட்டுத் திரியுதீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க எங்கிட்ட சொல்லலை. நான் சாமிகிட்டயாவது சொல்லணும்லா?"

ஜவஹர் வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, நாற்பது மீட்டரையும் ஒன்பது நிமிஷத்தையும் சொன்னான். பயமாக இருக்கிறது என்றும் சொன்னான்.

கேட்டு முடித்ததும், "எப்படிச் சுத்தம் பண்ணணும், சொல்லுங்க" என்றாள். அவன் சொல்லச் சொல்ல வளையத்தை எடுத்து பழைய வேஷ்டித் துணியால் துடைத்தாள். அது உட்கார்கிற பள்ளத்தில் நூல் விட்டு இழுத்துத் துகளை எடுத்தாள். உள்ளே உலர்த்தி, அவன் வைத்திருந்த கிரீஸை வளையத்தில் மெல்லிசாகத் தடவி, புது செல்லும் பல்பும் போட்டு, தலையைத் திருகி மூடினாள். வாளியில் போட்டு ஒரு மணிநேரம் அடுப்பைக்கூடக் கவனிக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே ஈரம் துளிகூட இல்லை.

ஜவஹர் அதை எடுத்துத் துடைத்து மறுபடி தலையைக் கழற்றினான்.

"ஏன், நான் மூடுனதுல நம்பிக்கை இல்லையா?" முகம் வாடிவிட்டது அவளுக்கு.

"என்னைவிட நல்லா மூடியிருக்க."

"அப்புறம்?"

அவன் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தான். "நாளைக்கு உள்ள இது அணைஞ்சா, நான் மூடினது அணைஞ்சுதுன்னு இருக்கணும். நீ ஆயுசு பூரா உன் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது."

அதுவரை அழாமலிருந்த தங்கபுஷ்பம் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "சரி, மூடுங்க" என்றாள். "நல்லா அழுத்தி மூடுங்க."