மறைக்கச் சொன்ன தழும்பு

பல் டாக்டரின் நாற்காலியில் கமலா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது.

“குழந்தைக்கு முன்னாடி ஏதாவது வியாதி, ஆபரேஷன் உண்டா?” என்று டாக்டர் கேட்டார்.

தாய் அஞ்சலாட்சி பதில் சொல்வதற்குள் நாத்தனார் செல்வாம்பாள் முந்திக்கொண்டாள். “ஒண்ணும் கெடயாது டாக்டர்.”

போன வருஷம்தான் மெட்ராஸில் கமலாவின் நெஞ்சைத் திறந்து, பிறவியிலேயே இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்திருந்தார்கள். “சின்னக் கசிவு இன்னும் இருக்கும்மா. பல்லைச் சுத்தமா வச்சிக்கணும். பல்லு புடுங்கறதா இருந்தா ஆபரேஷன் ஆனதை மொதல்ல சொல்லுங்க. கிருமிக்கு மருந்து குடுத்துட்டுத்தான் புடுங்கணும்” என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அஞ்சலாட்சி அதை மறக்கவில்லை. ஆனால் பேச்சு காதில் விழும் தூரத்தில், வாசல் பெஞ்சில் சொந்தக்காரி குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சைக் கிழித்த பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான் என்பது செல்வாம்பாளின் கவலை. முழங்கையால் இடித்தாள். அஞ்சலாட்சி வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். பல்லைப் பிடுங்கியாயிற்று.

சில நாட்களில் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்தது. கண்பட்டிருக்கிறது என்று செல்வாம்பாள் மந்திரிக்கக் கூட்டிப்போனாள். பிள்ளை துவண்டு மூச்சு வாங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“பல்லு வழியா கிருமி ரத்தத்துல ஏறி இதயத்துல உக்காந்துடுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு வேளை மருந்துல தடுத்திருக்கலாமே!” என்று அங்கிருந்த டாக்டர் கொதித்தார்.

வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திக் கை கன்றிப்போனது. கமலா பிழைத்தாள். ஆனால் வால்வு பழுதாகிவிட்டது, மறுபடியும் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள்.

ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சுமாகக் குஞ்சம்மாள் பார்க்க வந்தாள். “டைபாய்டு” என்று செல்வாம்பாள் ஆரம்பித்தாள்.

“டைபாய்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!” என்று அஞ்சலாட்சி எழுந்தாள். “எம் பொண்ணுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆயிருக்கு. அதை மறைச்சதாலதான் இப்பிடிக் கெடக்குது. என்னைக்கோ வரப்போற மாப்பிள்ளைக்குப் பயந்து, இருக்கற புள்ளைய சாவக் குடுக்கப் பாத்தோமே அண்ணி, நாமெல்லாம் மனுஷங்களா?”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கேட்கட்டும் என்றே அவள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

“இதய ஆபரேஷன் ஆன புள்ளைன்னா எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொத வார்த்தையா அதைச் சொல்லணும். காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும். தழும்புல என்னா வெக்கம்? வாய மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதான் வெக்கம்!”