நடந்து போன பெஞ்சு

எங்கள் வீட்டு பெஞ்சு ஒன்று வாசற்படி இறங்கி, தெருவைத் தாண்டி, காட்டுக்குள் புகுந்து, தன் காலாலேயே மேடேறிப் போனது. வண்டி கிண்டி எதுவும் கிடையாது. வழியில் ஓரிடத்தில் என்னை முந்திக்கொண்டும் போனது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் மச்சானும் சிரித்தவர்தான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்து நடந்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். மழை பெய்கிறது என்றால்கூட "ஆதாரம்?" என்பார். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே ஆதாரம்தான். நானோ ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்து, கிளம்பவே கிளம்பாத ரயிலை "இன்னும் சற்று நேரத்தில்" என்று அறிவித்தே ஓய்வு பெற்றவன். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

என் மனைவி பல் டாக்டர். ஆயுசு முழுக்கப் பிடுங்கியாயிற்று, இனி எதையாவது பொருத்துகிறேன் என்று பின்னறையில் மரவேலை ஆரம்பித்தாள். ஆணியைத் தொடவே மாட்டாள். துளை போட்டு, கட்டை முளையைச் சீவி, இறுக்கி அடிப்பாள். அந்தப் பொருத்துக்குள் நுழையப் பார்த்த எறும்பு ஒன்று இடமில்லாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தெரு முடிகிற இடத்தில் காடு. பெரிய காடெல்லாம் இல்லை, புலி வந்தால் படுக்க இடம் போதாமல் வாலைத் தெருவில் நீட்ட வேண்டியிருக்கும். உச்சியில் மொட்டைப் பாறை. நாங்கள் இருவர், மச்சான், அவர் மனைவி (நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன்) என நாலு பேரும் ஞாயிறு தவறாமல் அதுவரை போய் வருவோம். மச்சானுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதோடு அது நின்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கைத்தடியைக் குடைகளோடு குடையாக நிறுத்திவிட்டார்.

"கம்பு பிடிச்சா, கிழவன்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரிக்கா. நான் வரல."

"கம்பு வேணாம்டா. நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து வா."

"எங்க உட்கார்றது? அத்தான் மடியிலயா?"

அவர் போன பிறகு என் டாக்டர் மனைவி என்னிடம் சொன்னாள். "முட்டி இறுகிட்டே வருதுங்க. மழைக்காலத்துக்குள்ள அவன் நடக்கலன்னா, அப்புறம் நடக்கவே மாட்டான்." ஈறு கிழிந்து வந்தவனைப் பார்த்தும் கலங்காதவள், அன்று கலங்கினாள்.

மறுநாளே வனக்காவலரிடம் அனுமதி வாங்கினாள். பாறைக்குக் கீழே உள்ள பாதை வளைவில் ஒரு பெஞ்சு போட. பின்னறையில் இழைப்புளி ஓடிய வேகத்தில் மரச்சுருள் என் இடுப்புவரை ஏறியது. சரி, கணுக்கால்வரை.

முடிந்த பெஞ்சைப் பார்க்க மச்சான் வந்தார். கால்கள் ஏகத்துக்கு நீளம்.

"அத்தான், இது பெஞ்சா, ஒட்டகமா?"

"பாதிக் கால் மண்ணுக்குள்ள போயிடும் மச்சான்."

"மண்ணுக்குள்ள போறது இருக்கட்டும். முதல்ல இந்தக் கதவு வழியா வெளிய போகுமா? ஆதாரம்?"

போகவில்லை. நெட்டாக, குறுக்காக, தலைகீழாகத் தள்ளிப் பார்த்தோம். கதவை அளந்தவன் நான்தான். மிகச் சரியாக அளந்திருந்தேன், பக்கத்து அறைக் கதவை.

மச்சான் சிரித்த சிரிப்பில் அலமாரிப் பாத்திரமெல்லாம் தாளம் போட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லா சிரிங்க. நாளைக்கு இது நடந்தே காட்டுக்குப் போகும்."

"போச்சுன்னா, இனிமே நான் ஆதாரமே கேக்கல!"

ஞாயிறு காலை டாக்டர் மரச்சுத்தியலோடு உட்கார்ந்தாள். கடைவாய்ப் பல்லை அசைத்தெடுக்கிற அதே பொறுமையோடு முளைகளைத் தட்டினாள். ஒவ்வொரு காலாகக் கழன்று வந்தது. தங்கச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. டாக்டர் கையில் இரண்டு: மூன்றாவது காலும், ஏதாவது பிளந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாகச் செய்ததும். பலகை என் தோளில். எண்பது கிலோ. சரி, எட்டு.

மிச்சமிருந்த நாலாவது காலைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நான் எதுக்குக்கா?"

"ஆள் குறையுதுடா. வளைவுல கொடுத்துட்டு ஓடிடு."

சுமைதானே, கைத்தடி இல்லையே! வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

தெருவரை தோளில்தான் இருந்தது. காட்டுக்குள் மரவேர்கள் படிபோல் ஏறுகிற இடத்தில் மெதுவாகக் கீழே இறங்கியது. ஈர இலையில் ஒரு ஊன்று, வேரில் ஒரு ஊன்று. டொக், டொக். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்கிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மேட்டில் நான் பலகையோடு மூச்சு வாங்கி நின்றபோது, அந்தக் கால் என்னைத் தாண்டிப் போயே போய்விட்டது.

வளைவில் காவலர் நாலு குழி தோண்டி வைத்திருந்தார். பலகையில் கால்களைப் பொருத்தும்போது மச்சான் தன் காலைத் தர மறுத்தார். கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மற்ற மூன்று கால்களையும் வாங்கித் தடவினார். பழைய உத்தியோகம் விடுமா?

"அக்கா, இது பலகைக்கு அடியில வர்ற இடம். ஒருத்தர் கண்ணுலயும் படாது. இங்க எதுக்கு விரல் உட்கார நாலு பள்ளம்? இந்த ஒரு கால்ல மட்டும்? அதுவும் என் கை அளவுக்கு?"

"பல் டாக்டர்டா நான். வலிக்கும்னு முன்னாடியே சொன்னா எவன் வாயைத் திறப்பான்?"

தப்பான கதவை நான் அளந்தபோது பக்கத்திலேயே நின்று "சரியாத்தான் இருக்கு" என்றவளும் இவள்தானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் என் பல்லெல்லாம் வாயிலேயே இருப்பது நான் செய்த புண்ணியம்.

மண் போட்டு, கல் வைத்து இடித்து இறுக்கினோம். மச்சான்தான் முதலில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகக்கூட இல்லை.

"திரும்பிப் போறப்ப என்னக்கா பண்றது?"

அந்தக் கூடுதல் காலை அவர் மடியில் வைத்தாள். அதிலும் நாலு பள்ளம். அவர் விரல்களை அதில் பொருத்திக்கொண்டார்.

பாறையிலிருந்து இறங்கி வந்த ஒரு கணவனும் மனைவியும் வியந்து நின்றார்கள். "இவ்ளோ பெரிய பெஞ்சை எப்படிங்க மேல கொண்டு வந்தீங்க?"

"நாங்க எங்க கொண்டு வந்தோம்? அதுவா நடந்து வந்துது" என்றேன்.

அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, கூட்டத்தில் நம்பத் தகுந்த முகம் எது என்று தேடி, மச்சானைப் பார்த்தார்கள். அவர் முட்டியை நீட்டி, ஒருமுறை மடக்கினார்.

"ஆமாங்க" என்றார். "நடந்துதான் வந்துது. நானும் கூடவே வந்தேன்."