அக்கா வீட்டுக்குப் போகும் புகை

தம்பி கரி மூட்டினால் புகை மேலே போகாது. தொழிற்சாலைச் சாலையில் இறங்கி, சிக்னலில் இடதுபக்கம் திரும்பி, மருந்துக்கடை ஓரமாக நடந்து, அக்கா வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய்விடும். ஆரம்பத்தில் பதறிப்போய்த் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டவர்கள் உண்டு. இப்போது போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி அதற்கு வழி விடுகிறார். புகைக்கு இருக்கிற விசுவாசம் கூடப்பிறந்தவனுக்கு இல்லாமல் போனதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு.

அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் கேட்டரிங் தொடங்கினார்கள். அவள் ஆஸ்பத்திரி கேன்டீன் வேலையை விட்டாள், அவன் பார்சல் வேன் ஓட்டுவதை விட்டான். வரவேற்பு, கால்பந்து கிளப் விருந்து, அலுவலகக் கூட்டம் என்று ஆர்டர் பெருகியது. பூண்டும் மிளகும் தடவிப் புகையில் வேகவைத்த இறைச்சிதான் அவர்கள் பெயரைத் தூக்கி நிறுத்தியது. அதைச் செய்வதில் இருவருக்கும் ஒரு முறை இருந்தது. புகை பட்டால் கண் எரியும் என்பதால் அக்கா அடுப்பு முன்னால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். எந்த மூலையில் கறி வெந்துவிட்டது, எந்த மூலையில் இன்னும் பச்சையாக இருக்கிறது என்று வாசனையை வைத்தே சொல்வாள். நிறம் பார்ப்பது, கரியைத் தள்ளுவது, மூடி திறப்பது எல்லாம் தம்பி. மூக்கு அவளுடையது, கண் அவனுடையது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பாதியில் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்திருக்கலாம்தான். நம் வீட்டுப் பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

தொழிற்சாலையின் ஆண்டு விருந்து ஆர்டர் கிடைத்தபோது, அவர்களிடம் இருந்த பழைய டிரம் அடுப்பு அவ்வளவு பேருக்குத் தாங்காது என்று தெரிந்துவிட்டது. பெரிய ஸ்மோக்கர் வாங்க வெல்டர் பட்டறைக்குப் போனார்கள். கட்டில் நீளத்துக்கு இரும்புப் பெட்டி, ஒரு பக்கம் கரி போட அறை, மறுபக்கம் புகைபோக்கி. அப்படி இரண்டு நின்றன. ஒன்று தடித்த தகடு, தரையில் ஊன்றிய நாலு கால். இன்னொன்று கொஞ்சம் மெல்லிய தகடு, சக்கரமும் வண்டியில் கோர்த்து இழுக்கும் கொக்கியும் வைத்தது. அக்கா கரண்டியால் தட்டிப் பார்த்தாள். இரண்டிலும் கரி மூட்டச் சொல்லி, கம்பித்தட்டு முழுக்க ரொட்டித் துண்டு பரப்பி, மூடியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கால் வைத்ததில் எல்லா ரொட்டியும் ஒரே சீராகச் சிவந்தன. சக்கரம் வைத்ததில் ஓர் ஓரம் கருகும் வாசனை வந்தது. "கால் வெச்சதையே எடுத்துக்கலாம்டா" என்றாள். "அக்கா, வெளியூர் ஆர்டர் வந்தா இதைத் தலையில தூக்கிட்டா போவ? சக்கரம் இருக்கறதுதான் நமக்கு லாயக்கு. ஓரத்த நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினான். அவள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவன் பின்பக்கம் போய், கொக்கி தன் மாமனாரின் வேனுக்குப் பொருந்துமா என்று முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வெல்டர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அக்கா தம்பி பேச்சைக் கேட்டு, சக்கரம் வைத்ததையே வாங்கினாள்.

சோதனை முடிந்து அவள் கிளம்பியபோது ஸ்மோக்கரின் புகையும் கிளம்பியது. காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்றார் வெல்டர். காற்றே இல்லாத நாளிலும் அப்படித்தான். அவள் பக்கத்தில் நின்றால் புகை பெட்டிக்குள் அடக்க ஒடுக்கமாக வேலை செய்யும். அவள் நகர்ந்தால் பின்னாலேயே வரும். மார்க்கெட்டுக்கு வந்தது, பல் டாக்டரிடம் வந்தது. பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர், "அம்மா, கூட வர்றதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார். "உங்கக்காவ விட்டுட்டு இருக்க மாட்டேங்குதே" என்று தம்பியின் மனைவி சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

விருந்துக்கு முந்தின வாரம் அவன் வந்து, "தொழிற்சாலையில விருந்தத் தள்ளி வெச்சுட்டாங்கக்கா" என்றான். பிறகு ஒரு காலையில், சக்கரம் கிரீச்சிடுகிறது, பட்டறைக்குக் கொண்டுபோகிறேன் என்று ஸ்மோக்கரை இழுத்துக்கொண்டு போனான். மதியம் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது புகை ஜன்னல் வழியாக வந்து அவள் தோளில் சாய்ந்தது. சக்கரம் சரியாகிவிட்டது போல, வெல்டர் மூட்டிப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் மூக்கு சொன்னது. அவள் அரைத்த பூண்டு, அவள் இடித்த மிளகு, அதில் ஊறிய இறைச்சி. ஒரு கூட்டத்துக்கே ஆகிற இறைச்சி. கையைக்கூடக் கழுவாமல் புகையைப் பிடித்துக்கொண்டு அது வந்த வழியே நடந்தாள். அது தொழிற்சாலை மைதானத்தில் போய் முடிந்தது. பந்தல், மேசைகள், பேட்ஜ் குத்திய ஆட்கள். புதுப் பலகையில் தம்பியின் பெயர் மட்டும் இருந்தது. தொழிற்சாலைக் கேன்டீன் மேனேஜர் ஓடி வந்து நாற்காலி போட்டார். "நீங்க ஏம்மா அலையறீங்க? இனிமே அடுப்புப் பக்கமே போக முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லன்னு தம்பி சொன்னாரே!"

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம்வரைக்கும்.

"சொல்லணும்னுதான்கா இருந்தேன்" என்றான் தம்பி.

"எப்படா? எல்லாரும் சாப்ட்டு ஏப்பம் விட்ட பிறகா? சக்கரம் வேணும், சக்கரம் வேணும்னு உயிர எடுத்தியே, என்கிட்டேருந்து ஓடறதுக்கா?"

அவன் கரியைக் கிளறினான். விருந்தில் இறைச்சி வெந்திருந்தது, ஆனால் புகை வாசனை துளியும் இல்லை. மூடியை எவ்வளவு இறுக்கினாலும், கறியைத் தொடுவதற்கு முன்பே புகை கிளம்பிவிட்டிருந்தது. சாப்பிட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். வாய்விட்டு அழுதாள், தெருவே கேட்டது. அவன் தனியாகப் போனதற்கு அழவில்லை. கேட்டிருந்தால் அந்த ஸ்மோக்கரையும் கொடுத்து, ஆர்டரையும் கொடுத்து அனுப்பியிருப்பாள். தன்னை நோயாளியாக்கி ஊரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனானே, அதற்கு அழுதாள். கடைவீதியில் பார்ப்பவரெல்லாம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டது இன்னும் எரிச்சல். பிறகு எழுந்து, கதவு துருவேறிய ஒரு பழைய இரும்பு பீரோவை வாங்கி, உள்ளே கொக்கிகள் மாட்டி, கேஸ் அடுப்பில் முக்கால் பதம் வேகவைத்த இறைச்சியைத் தொங்கவிட்டாள். தினமும் மதியம் வந்த புகை பீரோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கரிச் செலவு தம்பிக்கு, புகை அக்காவுக்கு. கிளப்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வருஷம் அவன் வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தட்டு வைத்து, அவனுக்குப் பிடித்த ஓரத்துக் கறியாகப் பார்த்துப் போட்டாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவன் சாப்பிட்டு முடித்தான், கை கழுவினான், பீரோவைப் பார்த்தான். "அக்கா, அந்தப் புகைய மட்டும் விட்டுக் குடுத்துடேன்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா கட்டி வெச்சிருக்கேன்? கதவு திறந்துதான் இருக்கு. கூப்பிட்டுப் பாரு."

அவன் கூப்பிட்டான். வெட்கத்தை விட்டு, கையை நீட்டிக் கூப்பிட்டான். புகை அசையவில்லை. அவன் போன பிறகு அக்கா அந்தத் தட்டைக் கழுவி, எடுக்க முடியாத உயரத்தில் வைத்தாள்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் புகை வரவில்லை. தம்பிக்குக் கடும் காய்ச்சல், அடுப்பு மூட்டவில்லை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். "எனக்கென்ன வந்துச்சு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, இருட்டும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. மறுநாள் மதியம் சிக்னலில் வண்டிகள் நின்றன. தெருவில் மாடிகளில் காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார்கள். புகை, வழக்கத்தைவிட மெலிந்து, மெதுவாக வந்து ஜன்னல் விளிம்பைத் தொட்டது.

"வந்துட்டியாடா, துரோகி" என்று சொல்லிவிட்டு அவள் பீரோவைத் திறந்தாள்.