தாளிச்சாவுக்கு வாங்கிய கத்திரிக்காய்

மர்ஜானா தன் கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு நைஜீரியத் தாத்தாவைச் சாகடித்திருந்தாள். அதற்கு முந்தைய பதினோரு பக்கங்களும் அவர் மரத்தடியில் உட்கார்ந்து தத்துவம் பேசினார். அவள் படித்த நாவல்களில் நைஜீரியாவின் இக்போ இனத் தாத்தாக்களுக்கு வேறு வேலையே கிடையாது. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறாள். ஒரு வரிகூட அச்சில் வந்ததில்லை. இந்த ஆங்கிலச் சிறுகதைப் போட்டிக்கு இன்று மாலை ஐந்து மணி கெடு.

அனுப்புவதற்கு முன் அசல் இக்போ ஒருவர் கேட்டுச் சொன்னால் தேவலை என்று தோன்றியது. ஷார்ஜாவின் முவைலாவில் அவள் குடியிருக்கும் கட்டடத்திலேயே, மூன்றாவது மாடியில், மகன் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்திருந்தார் எண்பது வயது ஒபியோரா. மூன்று மணிக்கு லேப்டாப்பும், இக்போ வீடுகளில் விருந்தாளி வந்தால் உடைத்துப் பங்கிடும் கோலாக் கொட்டைப் பொட்டலமுமாகப் போய் நின்றாள்.

கொட்டையைப் பார்த்ததும் கிழவர் முகம் மலர்ந்தது. உடைத்துப் பார்த்ததும் சுண்டிப்போனது.

"ரெண்டே பருப்பு! இது சும்மா மெல்லறதுக்கு. வேண்டிக்கிட்டுப் பங்கு போட நாலு பருப்பாவது வேணும். அது நடக்காம நான் எதையும் பேச மாட்டேன்," என்றார் ஆங்கிலத்தில்.

"இப்ப நான் எங்க போவேன்?"

"கத்திரிக்காய் இருந்தாலும் போதும். கோலா கிடைக்கலேன்னா எங்க ஊர்ல அதைத்தான் பங்கு போடுவோம்."

கீழே ஓடினாள். அடுப்படியில் இருந்த கத்திரிக்காயை அவள் அள்ளியதைப் பார்த்து யஹ்யா அலறினான்.

"ஏ புள்ள, தாளிச்சாவுல நான் என்னத்தப் போட?"

"உருளைக்கெழங்கப் போடுங்க!" என்றாள் கணவனிடம்.

ஒபியோரா செத்துப்போன முன்னோர் அத்தனை பேரையும் விசா இல்லாமலே ஷார்ஜாவுக்கு வரவழைத்து, காயை நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மர்ஜானா பிஸ்மி சொல்லிப் பச்சையாகக் கடித்தாள். நாக்கு கசந்தது. பிறகு கதையை வாசித்தாள்.

"இந்தக் கிழவன் மூத்திரம் போகமாட்டானா?" என்று கேட்டார் அவர். "பசிக்காதா? யாரையும் திட்டமாட்டானா? கடைசியில செத்தான் பாரு, அது ஒண்ணுதான் நல்ல இடம்."

மர்ஜானாவுக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"உன் தாத்தா எப்படி?" என்றார் கிழவர்.

"கேரம் ஆடும்போது சிவப்புக் காயைச் சட்டைப் பையில ஒளிப்பாங்க. சர்க்கரை வியாதி. அல்வாவைத் திருடித் தின்னுட்டுப் பூனை மேல பழி போடுவாங்க."

கிழவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "அவனை ஏன் எழுதல?"

"அவங்ககிட்ட தத்துவம் ஒண்ணும் இல்லியே."

"என்கிட்ட மட்டும் இருக்கா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால். கதையை அப்படியே அனுப்பினால் ஒருவேளை பரிசே கிடைக்கலாம். விரல் அனுப்பும் பொத்தான் மேலேயே நின்றது. பிறகு பன்னிரண்டு பக்கத்தையும் அழித்தாள். ஐந்து மணி தாண்டியபோது அழுகை வந்தது. ஆனாலும் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை.

"என்ன எழுதின, படி," என்றார்.

"தாத்தா பச்சைக் கத்திரிக்காயைக் கடித்துவிட்டு, உப்பு எங்கே என்று மருமகளைத் திட்டினார்."

ஒபியோரா கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"இவனை எனக்குத் தெரியும்," என்றார். "மேல படி."