பீரோக் கதவின் உள்பக்கம்

எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு விதி உண்டு: பொருள் இல்லாமல் விளக்கப் பலகை கிடையாது. யுத்தத்தில் ஒரே நாளில் காலி செய்யப்பட்ட அந்தத் தெருவைப் பற்றி எழுத வேண்டுமானால், அங்கிருந்து ஒரு கரண்டியாவது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். மூன்று கூட்டமாக இதே பேச்சு. இதைச் சொல்லியே இயக்குநர் தப்பித்துக்கொண்டிருந்தார்.

"ஆளையும் விடல, சாமானையும் விடல. நான் எங்க போயி கரண்டி தேடுறது?" என்று கேட்டார் தையல்காரம்மா. அந்தத் தெருவில் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். கழுத்தில் அளவு நாடாவோடுதான் கூட்டத்துக்கே வருவார்.

வரவுப் பதிவேடு எழுதுகிறவள் நான். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு பொருளுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதிய கை. மூன்று கூட்டத்திலும் நான் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் பொருள் எங்கள் வீட்டில் இருந்தது.

பெரிய மர பீரோ. லாரி ஓட்டிய அப்பா யுத்தம் முடிகிற சமயத்தில் அந்தத் தெருவிலிருந்து கொண்டுவந்தது. ஏலத்தில் எடுத்தேன் என்பார். அந்த வருஷம் ஏலமே நடக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஊரில் எல்லார் வீட்டிலும் ஏலத்தில் எடுத்த ஏதோ ஒன்று இருந்தது.

அதன் கதவின் உள்பக்கத்தில், பிள்ளைகளை நிற்கவைத்து உயரம் குறித்த கோடுகள். ஒரு பிள்ளைக்குச் சிவப்புப் பென்சில், இன்னொன்றுக்கு நீலம். சிவப்பு நாலடியோடு நின்றுவிட்டது. நீலம் மூன்றடியைக்கூட எட்டவில்லை. பக்கத்திலேயே அம்மா எங்களுக்குக் கறுப்புப் பென்சிலால் கோடு போட்டாள். நானும் அண்ணனும் அந்த இருவருக்கும் பேரே வைத்திருந்தோம்: சிவப்பன், நீலா. "சிவப்பன் உன்னைவிட உசரம்டி" என்று அண்ணன் சீண்டுவான். தனியாகப் படுத்தால், இருவரும் பீரோவுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அப்போது பயமாக இருந்ததில்லை. இப்போதுதான் இருக்கிறது.

அப்பாவுக்குப் பிறகு பீரோ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தது. போய்க் கேட்டேன்.

"செத்த மனுசனைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியா? அவரு போட்ட சோத்தைத் தின்னுதானே வளந்தே?"

"நீயும்தான் தின்னே. எவ்வளவு வளந்தேன்னு அந்தக் கதவுலயே இருக்கு, போயிப் பாரு."

மறுநாள் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். என்னோடு பேசுவதை நிறுத்தினான். கறுப்பை அழித்துவிட்டு வைக்கச் சொல் என்று மட்டும் வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தான்.

"நல்ல யோசனைதான்," என்றார் இயக்குநர். "கறுப்புக் கோடு, பாக்க வர்றவங்களைக் குழப்பும். உங்க குடும்பத்துக்கும் தொல்லை இல்ல."

ரப்பரை எடுத்தேன். பொய் சொல்வானேன், நிம்மதியாகத்தான் இருந்தது. அண்ணனின் இரண்டு கோடுகளை அழித்தும்விட்டேன். அப்போதுதான் தையல்காரம்மா உள்ளே வந்தார். மண்டியிட்டு, நாடாவைப் பிடித்து முதலில் நீலத்தை அளந்தார். பிறகு சிவப்பை. அந்தத் தெருவோடு போனவர்களில் அவருடைய தம்பியும் ஒருவன்.

"நாலடி ஒரு இஞ்ச். என் தம்பி இல்ல, அவன் குள்ளம்." நாடாவைச் சுருட்டினார். "யாரு பெத்த புள்ளைங்களோ. கறுப்பு யாரு?"

"நாங்கதாம்மா."

"அதை ஏன் அழிக்கிறே? அழிச்சுட்டா இந்த பீரோ எங்கயோ சும்மா கெடந்த மாதிரி ஆயிடும். பக்கத்துலயே வேற புள்ளைங்க வளந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சிவப்பனைத் தாண்டிய நாள் ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயது. "அப்பா, அவனை ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றோடு தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் தன் சட்டையை அந்த பீரோவில் வைத்ததே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. செத்துப்போன பிள்ளையை ஜெயித்ததாகக் குதித்திருக்கிறேனே என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ரப்பரைத் தூக்கி எறிந்தேன். அழித்த இடத்து அழுக்குத் தடம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பதிவேட்டில் எழுதினேன்: உரியவர், பெயர் தெரியாத இரண்டு குழந்தைகள். எடுத்து வந்தவர் என்று அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். பலகையில் அந்தப் பெயர் வேண்டாமே என்று இயக்குநர் இழுத்தார். "பொருள் கேட்டீங்க, வந்துடுச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதாம நான் எதையும் உள்ள விட்டதில்லை," என்றேன்.

திறப்பு விழாவுக்கு அண்ணன் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தான், டிக்கெட் வாங்கிக்கொண்டு, யாரோ போல. தூணுக்குப் பின்னால் நான் நின்றதைக் கவனிக்கவில்லை. பலகையைப் படித்தான். அப்பாவின் பெயர் வந்த இடத்தில் நின்று, மறுபடியும் படித்தான். பிறகு தடுப்புக் கயிற்றுக்கு மேலே குனிந்து, நீலாவின் கடைசிக் கோடு இருந்த உயரத்துக்குக் கையை நீட்டினான். குழந்தையின் தலைமேல் வைப்பதுபோல் அங்கேயே வைத்திருந்தான். கைக்குக் கீழே யாரும் இல்லை.